பேராதனையில் மனமே, வேனுக்குள் வழக்கு

இளவரசி தெரிந்தேதான் வாளைக் கொடுக்காமல் விட்டாளா, இல்லை அந்த நேரத்தில் அவளுக்குக் கை ஓடவில்லையா? 'மனமே' என்கிற சிங்கள நாடகத்தைப் பார்த்த யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டி வீடு போய்ச் சேருவது கஷ்டம். போன மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் அந்த நாடகத்தைத் திரும்பவும் போட்டார்கள். ஹட்டன் பக்கமிருந்து வேன் பிடித்துப் போன நாங்கள், திரும்பி வரும் வழியெல்லாம் இதையேதான் பேசினோம். நாடகம் இரண்டு மணி நேரம் போல ஓடியது. பேச்சு கினிகத்தேனை ஏற்றத்தையும் தாண்டி ஓடியது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தால் ருசி கெட்டுப்போகிற நாடகம் இல்லை இது. மனமே இளவரசன் தட்சசீலத்தில் ஒரு பெரிய ஆசானிடம் படிக்கிறான். படிப்பு முடிந்ததும் குரு தன் மகளையே கட்டிக்கொடுத்து அனுப்பிவைக்கிறார். காட்டு வழியில் வேடர் அரசன் மறிக்கிறான். அவனுக்குப் பெண்ணின் மேல் கண். கடைசியில் இரண்டு பேரும் ஒற்றைக்கு ஒற்றை மோதுகிறார்கள். இளவரசன் வேடனை மடக்கிப் பிடித்துக்கொண்டு, வாளைக் கொடு என்று மனைவியிடம் கேட்கிறான். அவள் கொடுக்கவில்லை. இவன் தன் ஆட்களை விலக்கிவிட்டுத் தனியாகத்தானே சண்டைக்கு வந்தான், உயிரை விட்டுவிடுங்களேன் என்கிறாள். அந்த நொடியில் பிடி தளர்கிறது. வாள் வேடன் கைக்குப் போகிறது. இளவரசன் சாகிறான். அப்புறம் அவள் வேடனிடம் தன் மனதைச் சொல்ல, கட்டியவனுக்கே இப்படிச் செய்தவளை நான் எப்படி நம்புவது என்று அவனும் விட்டுவிட்டுப் போகிறான். நடுக்காட்டில் தனியே அவள் உயிர் போகிறது.

மூலக்கதை பௌத்த ஜாதகக் கதைகளில் 374ஆவது. அதில் வழக்கே கிடையாது. வில்லாளியின் கையில் 50 அம்பு. ஒன்று யானைக்குப் போய்விட, மிச்சம் 49 அம்பால் 49 கள்வரைச் சாய்த்துவிடுகிறான். தலைவனுக்கு அம்பு இல்லை, வாளைக் கேட்கிறான். அவள் வாளின் கைப்பிடியைக் கள்வன் பக்கம் நீட்டிவிடுகிறாள். பெண் துரோகி, கதை முடிந்தது. இந்த நாடகத்தை எழுதிய எதிரிவீர சரச்சந்திர செய்தது என்னவென்றால், அந்தக் கையைக் கொஞ்சம் தயங்க வைத்ததுதான். அந்தத் தயக்கத்துக்குள் இத்தனை வருசமாக எத்தனை பேர் புகுந்து புறப்பட்டுவிட்டார்கள்!

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எல்லாருக்கும் ஊருக்குள் பிழைப்பு இருக்கிறது. டீச்சர் ஒருவர், உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவர். எதைப் பார்த்தாலும் ஆற்றுகை என்பார், நாடகம் என்று சொல்லவே மாட்டார். கூட்டத்தில் மூத்தவர் மாஸ்டர். தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், தோட்டத்துக் காமன் கூத்தில் இளவயதிலிருந்து ரதி வேசம் கட்டியவர். இப்போது வேசம் கட்டுவதில்லை, பழக்கிக்கொடுக்கிறார். அப்புறம் என்னைப் போல, டிக்கெட் கிடைத்தால் எதையும் பார்க்கப் போகிற நாலைந்து பேர். வேன் ஓட்டிய தம்பியையும் சும்மா வெளியே குந்தவைக்க மனமில்லாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனோம். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

பேராதனையின் அந்த அரங்கை மாணவர்கள் 'வள' என்பார்கள். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் இருக்கைகள், கீழே மேடை, சுற்றிவர மரங்கள். சரச்சந்திரவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ரசிகர்கள் வாய் சும்மா இருக்காது. நடிகர் ஒருவர் வசனத்தில் தடுமாறினால் பின் படியிலிருந்து அடுத்த வரி வரும். அதுவும் ராகத்தோடு வரும். கண்டிக்காரர்கள் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். நாங்கள் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டோம். ஹட்டன் குளிரில் கிடக்கிற ஆளுக்குப் பேராதனை வெக்கை. இடம் பிடிக்கப் போன நேரத்தில் கூட்டம் நெருக்கியதால், டீச்சரும் இரண்டு பேரும் ஒரு பக்கம், மாஸ்டரும் நானும் எதிர்ப்பக்க ஓரம் என்று பிரிந்து உட்கார வேண்டியதாயிற்று.

மத்தளம் எழும்பியதும் மாஸ்டர் நிமிர்ந்தார். இந்த நாடகத்தில் திரை கிடையாது, காட்சி சோடனை கிடையாது. பொத்தே குரு என்கிற கதைசொல்லி வந்து சபைக்கு வணக்கம் சொல்லி, யார் யார் வரப்போகிறார்கள் என்று பாடி வைக்கிறார். ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவைத் தானே பாடிக்கொண்டு நுழைகிறது. காட்டுக்குள் போகிறார்கள் என்றால் மேடையை ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான், காடு வந்துவிடுகிறது. மாஸ்டர் என் தொடையில் தட்டினார். "தம்பி, இது நம்ம வரவுப் பாட்டுதானே?" என்றார். சத்தமாகவே சொன்னார். முன் படியில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மாஸ்டர் காதுக்கு அது சரியாகத்தான் பட்டிருக்கிறது. சிங்கள 'நாடகம' என்கிற பாட்டும் ஆட்டமும் சேர்ந்த வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து, கத்தோலிக்கக் கரையோர ஊர்களின் வழியாகப் போனது என்றுதான் ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள், சரச்சந்திரவும் எழுதியிருக்கிறார். இன்னிசை, விருத்தம் என்கிற பாட்டு வகைகள் எல்லாம் கொஞ்சம் உருமாறி அங்கேயும் உண்டு. அம்பலாங்கொடையின் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்கிற பழைய நாடகம ஆசிரியரைத் தேடிப் பிடித்துத்தான் சரச்சந்திர பேராதனை மாணவர்களுக்கு இந்தப் பாட்டையும் ஆட்டத்தையும் பழக்கினார். 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வெண்ட் அரங்கில் முதல் மேடையேற்றம். தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே வருசத்தின் நடுப்பகுதியில்தான். நாடாளுமன்றத்தில் ஒரு மொழியை வெளியே தள்ளிய சில மாதத்துக்குள், சிங்கள அரங்கின் தலைப்பிள்ளை என்று எல்லாரும் கொண்டாடுகிற நாடகம் அந்த மொழியின் கூத்து நடையில் ஆடிக்கொண்டு வந்து நின்றது. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும், மத்தளம் பொய் சொல்லாது.

அதன் எதிரொலியும் பேராதனையிலேயே கேட்டது. தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தன், சரச்சந்திர செய்ததைப் பார்த்து, மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். விடிய விடிய ஆடுவதை நகரத்து ரசிகர்கள் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்குச் சுருக்கினார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு, பல வருசம் கழித்து அதே இராவணேசனை மட்டக்களப்பில் திரும்பவும் எடுத்தார். அதாவது மீட்டெடுத்ததையே மறுபடி மீட்டெடுத்தார். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. பேராதனைக்குப் பக்கத்து மலைகளில் மாசிக்கு மாசி ஆடிக்கொண்டிருந்த காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அர்ச்சுனன் தபசும் அந்த வரிசையில் இடம் பிடிக்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து பேராதனை எவ்வளவு தூரம், புசல்லாவையிலிருந்து பேராதனை எவ்வளவு தூரம்! சரி, அது வேறு சண்டை.

அன்றைய மேடையேற்றம் எப்படி என்று கேட்டால், பொத்தே குருவுக்கு முழு மார்க். 1956இல் அந்த வேசத்தைக் கட்டியவர் ஷியமன் ஜயசிங்க. இன்றைக்கும் அவரோடு ஒப்பிட்டுத்தான் மற்றவர்களைப் பார்க்கிறார்கள். அன்று பாடியவர் யாரையும் போலச் செய்ய முயலவில்லை, நிதானமாகச் சபையைப் பார்த்துப் பாடினார். இளவரசன் பரவாயில்லை ரகம். அவருடைய மைக் உடுப்பில் உரசி, ஒவ்வொரு முறை கை தூக்கும்போதும் கரகரவென்று சத்தம். வள சும்மா விடுமா? மூன்றாவது தடவை கை தூக்கியதும் பின்னாலிருந்து அந்தக் கரகரப்பையே யாரோ தாளத்தில் போட்டார்கள். பாவம், அவர் அதற்குப் பிறகு கையைத் தாழ்த்தியே பாடினார். உடுப்பு மினுமினுப்பு எனக்குக் கொஞ்சம் கூடிப்போனதாகப் பட்டது. பாட்டுகளை வேகப்படுத்தியிருந்தார்கள் என்று டீச்சர் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த அந்தக் காதல் பாட்டு வந்தபோது சனமே சேர்ந்து பாடிவிட்டதால், மேடையில் இருந்தவர்கள் எந்த வேகத்தில் பாடினார்கள் என்று யாருக்கும் விளங்கியிருக்காது.

சண்டைக் கட்டத்துக்கு வருகிறேன். வேடனாக வந்தவர் நல்ல ஆட்டக்காரர். காலைத் தரையில் அழுத்தி, ஒரு பக்கமாகச் சரிந்து சுற்றுகிறபோது உடம்பில் ஒரு மிருகத்தனம் தெரிந்தது. ஒரு கட்டத்தில் இளவரசன் அவரை மண்டியிட வைத்துப் பிடரியைப் பிடித்தார். மத்தளம் நின்றது. இளவரசி வாளோடு நிற்கிறாள். வலது கையில் பிடி, இடது உள்ளங்கையில் அலகின் நுனி, கைக்குழந்தையை ஏந்திய மாதிரி படுக்க வைத்து ஏந்தியிருந்தாள். இளவரசன் கேட்டதும் ஒரு அடி முன்னால் வைத்தாள். எங்கள் பக்கத்துக்கு முகம் நன்றாகத் தெரிந்தது. கண் வேடனிடம் போகவே இல்லை. புருசனின் முகத்தைத்தான் பார்த்தாள், அதுவும் பயந்து. இந்த மனிதன் இப்போது ஒரு ஆளை வெட்டப்போகிறான் என்று அன்றைக்குத்தான் கண்டவள் மாதிரி. பாட ஆரம்பித்தாள். குரலில் நடுக்கம் இருந்தது, சுருதி விலகவில்லை. இளவரசன் தலையை அவள் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான். வேடன் எழுந்ததையும் வாள் மாறியதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அத்தனை சடுதியில் முடிந்தது.

வேன் கம்பளையைத் தாண்டுவதற்குள் வழக்கு தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தது டீச்சர்.

"அவ வேணும்னுதான் செஞ்சா. அதுல என்ன பிழை? அப்பா கட்டிக்குடுத்தாரு, இவ கேட்டாளா? காட்டுல முதல் தடவையா ஒருத்தன் இவளுக்காகச் சண்டைக்கு வாறான். மனசு போகுது. போனதை மறைக்காம நிக்கிறா பாருங்க, அதுதான் சரச்சந்திர எழுதின பொண்ணு. நாமதான் பாவம் புண்ணியம்னு பூசி மெழுகுறோம்."

மாஸ்டர் முன் சீட்டிலிருந்து திரும்பவே இல்லை. "டீச்சர், அவ வேடனைப் பாக்கவே இல்லையே" என்றார்.

"நல்லா பாத்தா மாஸ்டர். வாள்பிடியத் திருப்பினாளே. மொதல்ல புருசன் பக்கம் இருந்த பிடி, பாடுறப்ப மெதுவா வேடன் பக்கம் திரும்பிச்சி. நான் கண்ணால கண்டேன்."

அந்தப் பிடி திரும்பியதை நான் காணவில்லை. மாஸ்டரும் காணவில்லை. டீச்சரோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் கண்டேன் என்று சத்தியம் செய்தார்கள்.

இதற்குப் பிறகு மாஸ்டர் பேசியதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நாடகப் பாடம். "பொம்பள வேசம் கட்டினவன் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார். "கையில சாமான் இருக்கிறப்போ நம்ம புத்தி கையில இருக்காது. ரதிக்குக் கெட்ட கனவு வந்து, போகாதீங்கன்னு மன்மதனைத் தடுக்கிற பாட்டு இருக்கில்ல, அந்தப் பாட்டுல நான் அவன் கையில இருக்கிற கரும்பு வில்லைப் புடிச்சுக்கிட்டே பாடுவேன். ஒரு வருசம் வில்லைப் பறிச்சே போட்டேன். எப்பப் பறிச்சேன், தெரியாது. இறங்கினப்புறம் ஆளுங்க சொன்னாங்க. அந்தப் புள்ள கையும் அப்படித்தான் திரும்பியிருக்கும். அவளுக்கே தெரியாது."

"அப்ப பின்னால வேடன்கிட்ட உங்க மேல மனசு போச்சுன்னு சொல்றாளே, அது?"

"பொய்."

வேனுக்குள் ஒரே சத்தம். மாஸ்டர் அசரவில்லை. "புருசன் பொணமாக் கெடக்கிறான். சுத்திவரக் காடு. எதிர்ல வாளோட ஒருத்தன். வேற என்ன சொல்லுவா? உங்களத்தான் நெனச்சேன்னு சொல்லாட்டி அடுத்த வெட்டு யாருக்கு? உசிரு பொழைக்கச் சொன்னத எடுத்துக்கிட்டு நீங்க அவளுக்குத் தீர்ப்பு எழுதுறீங்க. அந்த வேடனும் அதேதான் செஞ்சான்."

நான் இந்த நாடகத்தைப் பற்றி வாசித்தவற்றில் பல விளக்கங்களைக் கண்டிருக்கிறேன். அந்த வசனத்தை உயிர்ப்பயத்தில் வந்த பொய்யாக எடுத்துக்கொண்டால் கடைசிக் கட்டம் முழுக்க வேறு நாடகமாகிவிடுகிறது. அப்போது அவள் காதலுக்காகச் சாகவில்லை. ஒரு பொய் பலிக்காததால் சாகிறாள். இன்னும் மோசமான சாவு அது. டீச்சர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பயந்த பெண்ணாக்கி அவளுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுப்பதைவிட, ஆசைப்பட்டவளாகவே அவளைச் சாக விடுவதுதான் மரியாதை என்றார். இதுவும் லேசான வாதம் இல்லை. நான் மாஸ்டர் கட்சி, ஆனாலும் டீச்சர் சொன்னதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

கட்சி என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். காமன் எரிந்துவிட்டான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று எதிர்க்கட்சி, விடிய விடிய பாட்டிலேயே கேள்வியும் பதிலுமாக வாதாடுவார்கள். கம்பத்தைக் கண் முன்னால் கொளுத்திவிட்டு எரியவில்லை என்று வாதாட ஒரு தைரியம் வேண்டும். எங்கள் தோட்டங்களிலும் மாசியில் கம்பம் நட்டு, பௌர்ணமியில் சிவன் நெற்றிக்கண் திறந்து காமனை எரித்து, ரதி ஒப்பாரி வைத்து, பிறகு காமனை உயிர் எழுப்புகிறோம். எரிவான் என்று தெரிந்தும் வருசா வருசம் ரதி தடுக்கிறாள், சனமும் போகாதே என்று கத்துகிறது. எனக்கு மனமே இவ்வளவு பிடித்ததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். என்ன நடக்கும் என்று பார்க்க நாங்கள் போகவில்லை. இந்தத் தடவை அந்தக் கை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் போனோம். 1956இல் ட்ரிலீசியா குணவர்தனவும் ஹேமமாலி குணசேகரவும் மாறிமாறி இளவரசியாக வந்தார்களாம். முதல் வருசத்திலேயே இரண்டு கைகள்!

ஆக, பழைய நாடகத்தைத் திரும்பப் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். பாட்டையும் சுற்றையும் இருந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், அதில் கை வைத்தால் வள விடாது. அந்த வாளை மட்டும் நடிக்கிற பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். இன்ன நொடியில் இத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து ஆட வைத்தால், அதைப் பார்க்க நாங்கள் வேன் பிடித்து வரமாட்டோம்.

கினிகத்தேனையில் ஒரு கடை திறந்திருந்தது. பிளேன்டீயும் பனிஸும் சொல்லிவிட்டுக் கடை வாசலில் நின்றும் வழக்கு ஓயவில்லை. கடைக்கார ஐயா சிங்களவர். என்ன சண்டை என்று கேட்டார். மனமே என்றதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அவர் கட்சியே வேறு: பிழை முழுக்க இளவரசன் மேல். கையில் பிடிபட்டவனை வெட்ட எதற்கு வாள் கேட்கிறான், கட்டிப் போட்டுவிட்டு நடையைக் கட்டியிருக்கலாமே என்றார். படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் எங்கே போனது என்றும் கேட்டார். டீச்சரும் மாஸ்டரும் முதல் தடவையாக ஒரே பக்கம் தலையாட்டினார்கள்.

அதுவரை வாயே திறக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்த வேன் தம்பி அப்போதுதான் பேசினான். நாங்கள் உட்கார இடமில்லாமல் பிரிந்துபோனபோது அவன் மேலே கடைசிப் படியில், மேடைக்கு நேர் நடுவில் நின்று பார்த்திருக்கிறான். "மாஸ்டர், பிடி திரும்பினது உண்மைதான்" என்றான். டீச்சர் முகம் மலர்ந்தது. "ஆனா அவளாத் திருப்பலை. மாப்பிள்ளை மைக் கரகரன்னுதில்ல, அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுட்டா. அதுலதான் கை ஆடிச்சி."

கடைக்கார ஐயா உட்பட எல்லாரும் அவன் மேல் பாய்ந்தோம். மைக்காவது மண்ணாவது! ஆனால் அவன் விடவில்லை. ஹட்டன் வந்து சேரும்வரை தன் கட்சியில் அப்படியே நின்றான்.

அடுத்த முறை பேராதனையில் மனமே போட்டால் போவதாக முடிவு. சரச்சந்திரவின் இன்னொரு நாடகமான சிங்கபாகு போட்டாலும் போவோம். அதில் அப்பனை மகன் அம்பெய்து கொல்கிறான், அதற்கு ஒரு ராத்திரி போதாது. அந்தத் தடவை டீச்சர் மாஸ்டர் இருந்த பக்கத்திலும், மாஸ்டர் டீச்சர் இருந்த பக்கத்திலும் உட்கார வேண்டும் என்று பேசியிருக்கிறோம். வேன் தம்பிக்கு நடுவில் இடம் பிடித்துத் தர வேண்டுமாம். அதை அவன் ஹயர் காசு பேசும்போதே சேர்த்துக் கேட்டுவிட்டான்.